கண்ணாடிக் கடையில் பிறந்த கருவி: இருகண்நோக்கியின் வரலாறும் மூக்குக்கண்ணாடி அணிந்த பறவை நோக்கரும்

முன்னுரை

இலக்கியமும் இலக்கணமும் பேசப்பட்டு வரும் இம்மேடையில் ஒரு சிறு கருவியின் வரலாற்றைப் பேச எனக்கு இசைவு தந்த மொழி மன்றத்தார்க்கு என் நன்றி உரியது. அக்கருவி, பறவை நோக்குவோர் கழுத்தில் தொங்கவிட்டுச் செல்லும் இருகண்நோக்கி. தொலைவில் உள்ளதைக் காட்டும் கருவியை நம் முன்னோர் ‘தூரதிருஷ்டிக் கண்ணாடி’ என்றனர். பின்னர் ‘தொலைநோக்கி’ என்னும் தூய தமிழ்ச் சொல் நிலைபெற்றது. நம் மலாய் அண்டை வீட்டார் அதனைத் ‘தெரோப்போங்’ என்பர். கடைத்தெருவில் நாம் அனைவரும் ‘பைனாகுலர்’ என்றே கேட்டு வாங்குகிறோம்.

இப்பொருளை நான் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. பணி ஓய்வு பெற்ற பின்னரே நான் பறவைகளை நோக்கத் தொடங்கினேன். சிறு வயது முதலே கிட்டப்பார்வைக்கு மூக்குக்கண்ணாடி அணிபவன் நான். கடைக்குச் சென்று, பெட்டிகளின்மேல் அச்சிட்டிருந்த எண்களுள் பெரியது எதுவோ அதனைத் தேர்ந்தேன். பன்னிரண்டு மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி. விலையும் என் கைக்கு எட்டியதாகவே இருந்தது. மறுநாட்காலை சுங்கை பூலோ ஈரநிலத்தின் சேற்றுத் திட்டில் உள்ளான்கள் கூட்டமாக இறங்கியிருந்தன. கருவியைக் கண்ணருகே கொண்டு சென்றேன். சாவித்துளை வழியே அறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு சிறு வட்டம் தெரிந்தது; சுற்றிலும் இருள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கருவியை மீண்டும் திருகிச் சரிசெய்வதற்குள் பறவைகள் எழுந்து பறந்துவிட்டன. அருகில் நின்ற சிறுமி ஒருத்தி, அவளும் மூக்குக்கண்ணாடி அணிந்தவள், தன் தந்தையின் எட்டு மடங்குக் கருவியைத் தாழ்த்திவிட்டு, “நாற்பத்து மூன்று, தாத்தா” என்றாள். நான் ஒன்றையும் எண்ணியிருக்கவில்லை.

குற்றம் கடைக்காரருடையதன்று; எண்ணைப் படிக்கத் தெரியாத என்னுடையது. ஆயினும், பெரிய எண்ணை வாங்கியவன் குறைவாகக் கண்டது எதனால் என்னும் வினா என்னை விடவில்லை. அவ்வினாவின் விடை இக்கருவியின் நானூறு ஆண்டு வரலாற்றுக்குள் அடங்கியிருக்கிறது. மூக்குக்கண்ணாடி செய்பவர் ஒருவரின் கடையில் பிறந்த இக்கருவி, மூக்குக்கண்ணாடி அணிந்தவரை ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் மறந்திருந்தது என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி. அம்மறதியின் காரணத்தை அறிந்தவர், குறைந்த விலையிலும் தமக்குப் பொருந்திய கருவியைத் தேர்ந்துகொள்ள இயலும்.

மிடில்பர்க் நகரத்துக் கடை

மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. முதலில் வந்தவை வெள்ளெழுத்துக்கு உதவும் குவிவில்லைகள். கிட்டப்பார்வையைத் திருத்தும் குழிவில்லைகள் 15ஆம் நூற்றாண்டிலேயே வழக்கிற்கு வந்தன. இவ்விரு வகை வில்லைகளும் ஒரே கடையின் ஒரே மேசைமேல் அருகருகே கிடக்கும் நிலை ஏற்பட்ட பிறகு, ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் பிடித்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்து விற்றுவந்த ஹான்ஸ் லிப்பர்ஹே என்பவர், 1608ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், தொலைவில் உள்ளவற்றை அருகில் காட்டும் கருவிக்குக் காப்புரிமை வேண்டி அந்நாட்டு அரசப் பேரவையிடம் விண்ணப்பித்தார். பேரவையினர் கருவியைச் சோதித்து மகிழ்ந்தனர்; உடனே ஒரு வேண்டுகோளையும் வைத்தனர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது இடராக உள்ளது, இரு கண்ணாலும் பார்க்குமாறு செய்து தர இயலுமா என்பது அது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திற்குள் லிப்பர்ஹே அதனையும் செய்து கொடுத்தார். எனவே, தொலைநோக்கியும் இருகண்நோக்கியும் ஒரே ஆண்டில் ஒரே கைகளில் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம். காப்புரிமை மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. ஆல்க்மார் நகரின் யாக்கோப் மேட்டியஸ் என்பாரும் அதே மாதத்தில் அதே உரிமையைக் கோரினார். இத்துணை எளிதில் பிறர் செய்யக்கூடிய ஒன்றுக்குத் தனியுரிமை வழங்குதல் தகாது எனப் பேரவை முடிவு செய்தது.

அடுத்த ஆண்டே இத்தாலியில் கலிலியோ தம் கைப்படக் கருவியைச் செய்து வானை நோக்கினார்; 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டார். முன்னே குவிவில்லையும் கண்ணருகே குழிவில்லையும் கொண்ட அவ்வமைப்பு இன்றும் கலிலியோ அமைப்பு என்றே வழங்குகிறது. உருவம் நேராகத் தெரியும், குழாயும் சிறியது. ஆனால் பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் புலம், அதாவது கருவிக்குள் தெரியும் நிலப்பரப்பு, விரைந்து சுருங்கிவிடும். கண் அக்குழிவில்லையை ஒட்டி நிற்கவேண்டும். சிறிது விலகினாலும் காட்சி குறையும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்க்கு நேர்ந்த முதல் இடையூறு இதுவே.

குழாயும் பட்டகமும்

1611ஆம் ஆண்டில் யோகன்னஸ் கெப்ளர் வேறொரு வழியைக் காட்டினார். முன்னும் பின்னும் குவிவில்லைகளையே அமைத்தால் பார்வைப் புலம் விரிவடையும். ஆனால் உருவம் தலைகீழாகத் தெரியும். விண்மீனைக் காண்பவர்க்கு அது குறையன்று. மரக்கிளையிலுள்ள மாங்குயிலைக் காண்பவர்க்கு அது பெருங்குறை. தலைகீழ் உருவை நிமிர்த்த மேலும் வில்லைகளைச் சேர்த்தால் குழாய் நீண்டு போகும்; நீண்ட குழாய்கள் இரண்டை இணைத்துக் கையில் பிடிப்பது அரிது. ஆகவே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருகண் கருவி வளர்ச்சியின்றிக் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னா நகரில் ஃபோய்க்ட்லெண்டர் போன்றோர் நாடக அரங்குகளுக்கெனச் செய்த இரட்டைக் கண்ணாடிகளும் பழைய கலிலியோ அமைப்பைச் சார்ந்தவையே. அவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெருக்கின. மேடையைக் காண அது போதுமானதாக இருந்தது.

தடையை நீக்கியவர் இத்தாலியப் பொறியாளர் இக்னாசியோ போரோ. 1854ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில், இரண்டு கண்ணாடிப் பட்டகங்கள் ஒளியை மடக்கி மடக்கி அனுப்பின. ஒளி செல்லும் வழி குழாய்க்குள்ளேயே மடிந்ததால் கருவி குறுகியது; தலைகீழ் உருவமும் நிமிர்ந்தது. எனினும் அக்காலத்துக் கண்ணாடி பட்டகத்திற்கு ஏற்ற தூய்மையுடன் இல்லை. செருமனியின் யேனா நகரில் ஓட்டோ ஷோட் உருவாக்கிய புதிய கண்ணாடி வகைகளும் ஏர்ன்ஸ்ட் ஆபேயின் கணிதமும் ஒன்றுசேர்ந்த பின்னரே போரோவின் எண்ணம் பொருளாயிற்று. 1894இல் கார்ல் சைஸ் நிறுவனம் பட்டக இருகண்நோக்கிகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. அவற்றுள் எட்டு மடங்குக் கருவியும் இருந்தது. இன்று நாம் தோளகன்ற வடிவில் காணும் ‘போரோ’ வகைக் கருவிகள் யாவும் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்களே. சில ஆண்டுகளில், நேர்க்குழாய் வடிவத்தைத் தரும் கூரைப் பட்டக வகையும் வந்து சேர்ந்தது.

துப்பாக்கியிலிருந்து இருகண்நோக்கிக்கு

கருவி இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் பறவையியல் எந்நிலையில் இருந்தது என்பதையும் நோக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பறவையை அறிதல் என்பது அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பெட்டியில் அடுக்குவதேயாகும். இந்தியாவில் ஆங்கில அரசின் அலுவலராயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1885இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு வழங்கிய தொகுப்பில் பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 80,000 மாதிரிகள் இருந்தன. சிங்கப்பூரின் இராஃபிள்ஸ் அருங்காட்சியகத்துப் பறவைத் தொகுப்பும் இம்முறையிலேயே சேர்ந்தது. அத்தொகுப்புகள் இன்றும் அறிவுலகிற்குப் பயன்படுகின்றன என்பது உண்மை. அவற்றின் விலை உயிர் என்பதும் உண்மை.

மாற்றத்தின் முதற்குரல்களுள் ஒன்று அமெரிக்காவிலிருந்து எழுந்தது. ஃபுளோரன்ஸ் மெரியம் என்னும் இளம்பெண் 1889இல் வெளியிட்ட நூல், நாடக அரங்கின் கண்ணாடியைக் கொண்டே தோட்டத்துப் பறவைகளை உயிருடன் நோக்கி அறியலாம் எனக் காட்டியது. 1900ஆம் ஆண்டுக் கிறித்துமசு நாளில் ஃபிராங்க் சாப்மன் பறவைக் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கினார். விழா நாளில் இரு அணியாகப் பிரிந்து கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் வேட்டையாடும் வழக்கத்திற்கு மாற்றாக அமைந்த அதில் அன்று கலந்துகொண்டோர் 27 பேர். இங்கிலாந்தில் எட்மண்ட் செலூஸ் 1901இல் எழுதிய நூல், கொல்லாமல் நோக்கும் முறைக்குப் பெயரும் மதிப்பும் பெற்றுத் தந்தது. 1934இல் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடு, தொலைவிலிருந்தே காணத்தக்க அடையாளங்களைக் கொண்டு பறவைகளைப் பிரித்தறியும் வழியை எளியோர்க்கும் கற்பித்தது. இந்தியப் பறவைகளுக்குச் சாலிம் அலியின் நூல் 1941இல் வந்தது.

நம் மண்ணிலும் இதே காலத்தில் இவ்வழக்கம் வேரூன்றியது. மலாயா இயற்கைக் கழகம் 1940இல் தோன்றியது. காவல்துறை அலுவலரான கய் மேடோக், சப்பானியர் ஆட்சிக்காலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தபோது மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூலை எழுதினார். போர் முடிந்த பின் 1947இல் அது வெளியாயிற்று. கழகத்தின் சிங்கப்பூர்க் கிளை 1954இல் அமைந்து, பின்னாளில் தனிக் கழகமாயிற்று.

இக்கிளையின் உறுப்பினர்கள்தாம் 1986இல், கைவிடப்பட்ட இறால் குளங்கள் நிறைந்த சுங்கை பூலோவில் வலசைப் பறவைகள் பெருந்திரளாக வந்து தங்குவதைக் கண்டு எண்ணிப் பதிந்தனர். அப்பதிவுகளின் துணையுடன் அரசிடம் வேண்டுகோள் வைக்கப்பட்டது. 1989இல் 87 எக்டேர் நிலம் இயற்கைப் பூங்காவென ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பரில் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் 130 எக்டேராக விரிந்து, சட்டப் பாதுகாப்புப் பெற்ற வனமாயிற்று. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறக்கும் சின்னஞ்சிறு உள்ளான்களுக்கு இடைவழியில் ஒரு சத்திரம் கிடைத்தது. அந்நிலத்தைக் காக்க முதலில் சான்று கூறியவை, பொதுமக்கள் சிலர் தம் இருகண்நோக்கிகளால் கண்டு குறித்த எண்கள்.

இவ்விடத்தில்தான் என் வினா தனிமனிதக் குறையாக நின்றுவிடாமல் பொதுப் பொருளாகிறது. கண்டவரே எண்ண இயலும். எண்ணியவரே சான்று கூற இயலும். கருவி ஒரு சாராரைப் புறத்தே நிறுத்துமாயின், அவர்தம் சான்று பதிவேட்டில் ஏறாது.

மறக்கப்பட்டவர்கள்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இருகண்நோக்கிகளைப் பெருமளவில் வாங்கியவை படைகள். இரண்டு உலகப் போர்களும் இக்கருவியை இலட்சக்கணக்கில் செய்வித்தன. படைவீரன் பெரும்பாலும் நல்ல பார்வைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவன். அவனுக்கெனச் செய்த கருவியில் மூக்குக்கண்ணாடிக்கு இடம் விடவேண்டும் என எவருக்கும் தோன்றவில்லை.

அவ்விடம் யாது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். கருவியின் வழியே வரும் ஒளி, கண்ணருகு வில்லைக்கு வெளியே குறிப்பிட்ட ஒரு தொலைவில் சிறு வட்டமாகக் குவிகிறது. நம் கண்ணின் பாவை அவ்விடத்தில் நின்றால்தான் காட்சி முழுமையாகத் தெரியும். வில்லைக்கும் அவ்விடத்திற்கும் இடையிலுள்ள தொலைவை ஆங்கிலவழிக் கடைகளில் ‘ஐ ரிலீஃப்’ என்பர். தமிழில் ‘கண்விடு தொலைவு’ எனலாம். பழைய கருவிகள் பலவற்றில் இது 10 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்தது. வெறுங்கண்ணர்க்கு அது போதும். மூக்குக்கண்ணாடியோ கண்ணுக்கு முன் 12 முதல் 14 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. கண்ணாடி அணிந்தவரின் கண், குறித்த இடத்தை ஒருபோதும் எட்டாது. எட்டாதபோது காட்சியின் ஓரங்கள் இருண்டு, நடுவில் ஒரு வட்டம் மட்டும் எஞ்சும். தெரியும் வட்டத்தின் விட்டம் பாதியானால் தெரியும் பரப்பு நான்கில் ஒன்றாகும். நான் கண்ட சாவித்துளை அதுவே.

உருப்பெருக்கத்திற்கும் இதற்கும் நேர்ப்பகை உண்டு. கருவியின் நீளத்தைக் கூட்டாமல் பெருக்கத்தைக் கூட்டவேண்டுமாயின் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தைக் குறைக்க வேண்டும். அது குறைந்தால் கண்விடு தொலைவும் குறையும். இரண்டையும் ஒருசேரப் பெறவேண்டுமாயின் பெரிய வில்லைகள், கூடுதல் வில்லைகள், நுட்பமான வடிவமைப்பு ஆகியன வேண்டும். அதற்கு எடையும் விலையும் ஏறும். மலிவான கருவியில் பெருக்கத்தின் எண் பெரிதாக இருந்தால், அதற்கு ஈடாகக் கண்விடு தொலைவும் பார்வைப் புலமும் குறைந்திருத்தல் பெரும்பாலும் இயல்பு.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஆகாதா எனக் கேட்கலாம். எளிய கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ உடையவர், குவியத்தைத் திருகியே தெளிவு பெறலாம். சிதறல் பார்வை எனப்படும் ஆஸ்டிக்மாடிசம் உடையவர்க்கு அவ்வழி இல்லை. கருவி அக்குறையைத் திருத்தாது. மிகுந்த கிட்டப்பார்வை உடையவர்க்குச் சில கருவிகளின் திருகு தொலைவில் உள்ளதைத் தெளிவாக்கும் அளவுக்குச் செல்லாது. எல்லாவற்றிற்கும் மேலாக, கண்ணாடியைக் கழற்றிய கணமே வெறுங்கண்ணுக்குப் பறவை மறைந்துவிடும். முதலில் கண்ணால் கண்டு, பார்வையை அகற்றாமல் கருவியை உயர்த்துவதே பறவை நோக்கரின் முறை. கழற்றி மாட்டும் கைக்குப் பறவை காத்திராது.

‘பி’ என்னும் ஓர் எழுத்து

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சைஸ் நிறுவனம் கிழக்கில் யேனாவிலும் மேற்கில் ஓபர்கோகனிலுமாக இரண்டாகப் பிரிந்தது. மேற்குக் கிளை 1950களின் பிற்பகுதியில், மூக்குக்கண்ணாடி அணிந்தவரும் முழுக் காட்சியைப் பெறுமாறு வடிவமைத்த கண்ணருகு வில்லைகளைக் கொணர்ந்தது. அவ்வகைக் கருவிகளின் பெயரோடு ‘பி’ என்னும் எழுத்துச் சேர்க்கப்பட்டது; மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் ‘பிரில்லெ’ என்னும் செருமானியச் சொல்லின் முதலெழுத்து அது. மடக்கத்தக்க கண்குவளைகளும் வந்தன. கண்ணாடி அணிந்தவர் அவற்றை மடக்கிக்கொள்வார், அணியாதவர் நிமிர்த்திக்கொள்வார். பத்து மடங்குப் பெருக்கமும் 40 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்ட ‘10×40 பி’ வகைக் கருவியைப் பறவை நோக்கர் விரும்பிப் போற்றினர். லிப்பர்ஹேயின் கடையில் தொடங்கிய வட்டம், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் எழுத்தால் நிறைவு பெற்றது.

ஆயினும் அந்நிறைவு செல்வர்க்கே உரியதாயிருந்தது. சராசரி ஊதியம் பெறும் ஆசிரியரோ எழுத்தரோ அக்கருவியை வாங்க எண்ணவும் இயலாது.

விலை இறங்கிய வரலாறு

விலை இறங்கியதற்குப் பல நிலைகள் உண்டு. போருக்குப் பின் சப்பானியத் தொழிற்கூடங்கள் போரோ வகைக் கருவிகளைப் பெருவாரியாகச் செய்து உலகெங்கும் அனுப்பின. நம் பெற்றோர் தலைமுறையில் வீட்டில் ஒரு பைனாகுலர் இருந்ததெனில் அது பெரும்பாலும் சப்பானியச் சரக்கே. பின்னர் இத்தொழில் சீனாவிற்குப் பரவியது. யூன்னான் மாநிலத்துக் குன்மிங் நகர் அதன் நடுவங்களுள் ஒன்றாயிற்று.

நுட்பங்களும் மேலிருந்து கீழே இறங்கின. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் சுமாகுலா கண்டறிந்த எதிரொளிப்பு நீக்கப் பூச்சு அவ்விழப்பைத் தடுத்தது. கூரைப் பட்டக வகையில் ஒளியலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் காட்சியின் கூர்மை குறையும் குறை இருந்தது. 1988இல் அதே நிறுவனம் கொணர்ந்த ‘ஃபேஸ்’ பூச்சு அதனைத் தீர்த்தது. முன்பு உயர்விலைக் கருவிகளில் மட்டும் காணப்பட்ட இப்பூச்சுகளும், நீர் புகாத உடலும், நீண்ட கண்விடு தொலைவும் இன்று சில நூறு வெள்ளி விலையுள்ள கருவிகளிலும் கிடைக்கின்றன. பல ஆயிரம் வெள்ளிக் கருவிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லையென நான் கூறவில்லை. வேறுபாடு காட்சியின் ஓரத் தெளிவிலும், அந்தி ஒளியிலும், உழைக்கும் ஆண்டுகளிலும் தெரியும். ஆனால் சேற்றுத் திட்டிலுள்ள உள்ளான்களை எண்ணுவதற்கு இன்றைய எளிய கருவி தடையாகாது.

வரலாறு தரும் அளவுகோல்கள்

இவ்வரலாற்றிலிருந்து, மூக்குக்கண்ணாடி அணிந்து, அளவான பணத்துடன், சற்றே மிகுந்த பெருக்கத்தை விரும்பிக் கடைக்குச் செல்பவர் கொள்ளத்தக்க அளவுகோல்கள் சிலவற்றைத் தொகுத்துரைக்கிறேன்.

முதலாவது, கண்விடு தொலைவு. பெருக்கத்தின் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இதனைப் பார்க்க வேண்டும். 15 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை விலக்குக. 17, 18 எனில் நன்று. பெட்டியில் அச்சிட்ட எண் வில்லையின் பரப்பிலிருந்து அளந்தது. வில்லை விளிம்புக்குள் புதைந்திருந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அங்கேயே கழிந்துவிடும். ஆதலால் எண்ணை நம்பி நின்றுவிடாமல், தாம் நாளும் அணியும் மூக்குக்கண்ணாடியுடன், கண்குவளையைத் தாழ்த்தி நோக்க வேண்டும். வட்டத்தின் கூரிய கரிய விளிம்பு முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தால் அக்கருவி பொருந்தியது, தெரியாவிடின் பொருந்தாதது.

இரண்டாவது, பெருக்கம். 8×42 என்பதில் முதல் எண் பெருக்கம். இரண்டாவது முன்வில்லையின் விட்டம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42இல் அது 5.25 மில்லிமீட்டர், 10×42இல் 4.2, கைக்கடக்கமான 10×25இல் 2.5 மட்டுமே. வட்டம் சிறிதாயின் கண்ணை அதன்மேல் நிறுத்துவது கடினம். மரநிழலிலும் விடியற்போதிலும் காட்சி மங்கும். தொலைச் சேற்றிலுள்ள உள்ளான்களையும், மார்ச்சு மாதத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து தஞ்சோங் துவான் முனையில் கரையேறும் தேன்பருந்துகளையும் காண விரும்புவோர் பத்து மடங்கை நாடுவது முறையே. அவர்க்கு 10×42 ஏற்றது. பன்னிரண்டு மடங்கு கைந்நடுக்கத்தையும் பன்னிரண்டு மடங்காக்கும். 12×50 கருவியைத் தாங்கி நிறுத்த முக்காலி இருப்பின் நலம். அடர்ந்த மரங்களுக்கிடையே தேன்சிட்டுகளையே பெரிதும் தேடுவோர்க்கு எட்டு மடங்கின் அகன்ற பார்வைப் புலமே துணை.

மூன்றாவது, பட்டகமும் பூச்சும். ஒரே விலையில் போரோ வகை பெரும்பாலும் கூர்மையான காட்சியைத் தரும். செய்வது எளிதென்பதே காரணம். நேர்க்குழாய் வகையை விரும்பினால் ‘ஃபேஸ்’ பூச்சு உண்டா எனக் கேட்க வேண்டும். எல்லாப் பரப்புகளிலும் பல்லடுக்குப் பூச்சு இருத்தல் வேண்டும். கருவியைக் கை நீட்டிப் பிடித்து ஒளியுள்ள பக்கம் நோக்கினால் கண்ணருகு வில்லையில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்கிறதா எனக் காணலாம். போரோ வகையில் அது ஓரம் வெட்டுண்டு சதுரம்போல் தெரிந்தால் தாழ்ந்த பட்டகக் கண்ணாடி எனக் கொள்க. செந்நிறம் பளபளக்கும் வில்லைகளும், பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் ‘சூம்’ வகைகளும், எளிய விலையில் நற்பயன் தருவதில்லை.

நான்காவது, நம் தட்பவெப்பம். ஆண்டு முழுதும் ஈரம் நிறைந்த நம் நாடுகளில் வில்லைக்குள் பூஞ்சை படர்வது கருவிக்கு வரும் பெருநோய். நைட்ரஜன் நிரப்பி நீர் புகாமல் அடைத்த கருவிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவன்று. வீட்டில் ஈரமுறிஞ்சும் பொதியுடன் மூடிய பெட்டியில் வைத்தல் நன்று.

முடிவுரை

இளையரிடையே கிட்டப்பார்வை உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்று. நாளை இந்நிலத்தின் பறவைகளை எண்ணப் போகின்றவருள் பலர் மூக்குக்கண்ணாடி அணிந்தவராகவே இருப்பர். நூறாண்டுக்கு மேலாகக் காணப்படாதிருந்த இருவாய்ச்சிப் பறவைகள் 1994இல் உபின் தீவில் மீண்டும் தென்பட்டன. இன்று நகரின் மரங்களிலும் அவற்றைக் காண்கிறோம். அத்தகைய வரவுகளைக் கண்டு பதிவதற்கு ஒவ்வொரு கண்ணும் வேண்டும். பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் இயற்கைக் குழுவினர்க்கெனக் கருவி வாங்குவோர், விலைப்பட்டியலில் பெருக்கத்தின் எண்ணுக்கு அருகிலுள்ள அந்தச் சிறிய எண்ணையும் படிப்பாராயின், வகுப்பின் பின்வரிசையில் கண்ணாடியைக் கழற்றி மாட்டித் தடுமாறும் பிள்ளை ஒன்று குறையும்.

என் பன்னிரண்டு மடங்குக் கருவியை மூக்குக்கண்ணாடி அணியாத உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணுக்கு அது நன்றாகவே பொருந்தியது. பின்னர் நான் வாங்கிய 10×42 கருவி அதனைவிடச் சற்றே விலை கூடியது. கண்விடு தொலைவு 17 மில்லிமீட்டர். அடுத்த வலசைக் காலத்தில் அதே திட்டின் முன் நின்று, கண்ணாடியைக் கழற்றாமலே எண்ணினேன். அன்று அங்கிருந்த உள்ளான்கள் முப்பத்தேழு. குறிப்பேட்டில் நாளும் நேரமும் எழுதி, அவ்வெண்ணையும் எழுதினேன்.